தைக்காத இடத்தில் எழும் மரம்

அமெரிக்காவில் குயில்ட் தைக்கிறவர்களின் சங்கங்கள் அடிக்கடி ‘சேலஞ்ச்’ அறிவிக்கும். ஒரு தலைப்பு, ஓர் அளவு, ஒரு கடைசித் தேதி, அவ்வளவுதான். ‘விசுவாசம்’ என்று தலைப்பு வந்துவிட்டால் கை தானாகச் சிலுவைக்கும் புறாவுக்கும் மெழுகுவத்திக்கும் போகும். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும்போது மூன்றாவது புறாவைத் தாண்டியதும் பார்க்கிறவர் நடையைக் கூட்டிவிடுவார். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. சிலுவையைச் சுவரொட்டியில் வரையலாம், கண்ணாடியில் வரையலாம், கல்லில் செதுக்கலாம். அதை ஏன் துணியில் செய்தீர்கள்? கலைக் குயில்ட்டைத் தேர்வு செய்கிறவர்கள் வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் பார்ப்பது இதைத்தான்.

குயில்ட்டை இலக்கணமாகச் சொன்னால், மேல் துணி, நடுவில் பேட்டிங் எனப்படும் பஞ்சு விரிப்பு, அடித் துணி ஆகிய மூன்றையும் ஊடுருவிப் பிடிக்கிற தையல். மேலே என்ன படம் இருந்தாலும், மூன்றடுக்கும் தையலும் இல்லையென்றால் அது குயில்ட் இல்லை. பல போட்டி விதிகளில் முதல் வரியே இதுதான். இந்த மூன்றடுக்குக்குத் தாளுக்கும் கான்வாஸுக்கும் இல்லாத ஒரு குணம் இருக்கிறது. தைத்த இடம் அமுங்கும். தைக்காமல் விட்ட இடம் எழும்பும்.

இந்தக் கட்டுரையில் விளக்கப்போகும் குயில்ட் முழுக்க அந்தக் குணத்தின் மேல்தான் நிற்கிறது. அளவு 24 அங்குலச் சதுரம். ஒரே கருநீலத் துணி. வேறு நிறத் துணியே கிடையாது. கீழே, ஓரத்திலிருந்து 3 அங்குலம் மேலே, ஒரே ஒரு மஞ்சள் முடிச்சு: கடுகு. அதன் மேலே ஏறக்குறைய முழு உயரத்துக்கு ஒரு கடுகுச் செடி. அதைத் துணியால் ஒட்டவும் இல்லை, நூலால் வரையவும் இல்லை. அதைச் சுற்றியுள்ள பின்புலத்தை, அதாவது நிலத்தை மட்டும் நெருக்கமாகத் தைத்ததால் அது தானாக எழுந்து நிற்கிறது. நேரே நின்று பார்த்தால் வெறும் நீலத் துணி. தலையைச் சற்றுச் சாய்த்தால் மரம். மிகச் சிறிய விதை மரமாகிறது என்று இயேசு சொன்ன கடுகு விதை உவமையைக் கேட்டு வளர்ந்தவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

விசுவாசத்தைத் துணியில் சொல்லும் இந்த வகைக்கு ஒரு மூதாயைத் தேடினால் ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் ஊருக்குப் போக வேண்டும். ஹாரியட் பவர்ஸ் 1837-இல் அடிமையாகப் பிறந்தவர். அவர் தைத்த பைபிள் குயில்ட் 1886-இல் ஏதென்ஸில் நடந்த பருத்திக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. ஓவியம் கற்பித்துவந்த ஜென்னி ஸ்மித் அதை விலைக்குக் கேட்டார், பவர்ஸ் தரவில்லை. சில ஆண்டுகள் கழித்துக் கையில் காசு இல்லாத நேரத்தில் 10 டாலர் கேட்டு, 5 டாலருக்குக் கொடுத்தார். கொடுத்த பிறகும் அதைப் பார்க்க வந்துபோனார். வந்தபோது ஒவ்வொரு கட்டத்திலும் என்ன நடக்கிறது என்று அவர் சொன்னதை ஜென்னி ஸ்மித் எழுதி வைத்தார். அந்தக் குயில்ட் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருடைய இரண்டாவது குயில்ட் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில்.

முதலாவதில் 11 கட்டங்கள்: ஆதாம் ஏவாள், காயீன் ஆபேல், யாக்கோபின் கனவு, முப்பது வெள்ளிக்காசோடு யூதாஸ் என்று போகும். இரண்டாவதில் 15 கட்டங்கள். அங்கேதான் வேடிக்கை. யோனாவுக்கும் மோசேக்கும் பக்கத்திலேயே, 1780-இல் நியூ இங்கிலாந்தில் பட்டப்பகலில் வானம் இருண்ட நாளும், 1833 நவம்பரில் விண்கற்கள் மழையாகக் கொட்டிய இரவும் இருக்கின்றன. வேதத்தில் நடந்ததும் ஊரார் கண்ணால் கண்டதும் அவருக்கு ஒரே வரிசை. போட்டிக்குத் தைக்கிறவர் அவரிடம் கற்க வேண்டியது இரண்டு. ஒன்று, அவர் சின்னங்களை அடுக்கவில்லை, சம்பவத்தைச் சொன்னார். இரண்டு, மிருகமானாலும் மனிதரானாலும் வெளிக்கோட்டை வைத்தே அடையாளம் தெரியும்படி வெட்டினார். உள்விவரம் மிகக் குறைவு. நம் மரத்துக்கும் வெளிக்கோடு மட்டும்தான் இருக்கப்போகிறது என்பதால் இரண்டாவது பாடம் உயிர்ப்பாடம்.

கடுகைப் பெரிய ஆலமரம்போலவோ ஓக் மரம்போலவோ வரைந்துவிடுவது இந்தத் தலைப்பில் வாடிக்கை. கடுகு ஓராண்டுச் செடி. உவமையில் வருவது கருங்கடுகு என்பது பொதுவான கருத்து. அது ஆளுயரத்தைத் தாண்டி வளரும், ஆனாலும் கீழேயிருந்தே கிளை பிரியும் மெலிந்த செடிதான். தடித்த அடிமரத்தைப் போட்டால் உவமையும் கெடும், குயில்ட்டும் கெடும். ஏன் குயில்ட் கெடும் என்பதைச் சற்று நின்று பார்ப்போம்.

ஒவ்வொரு தையல் வரியும் துணியை ஒரு மயிரிழை உள்ளே இழுக்கும். வரிகள் நெருங்க நெருங்க இழுப்பு கூடும். 24 அங்குல அகலத்தில் கடைசியில் அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை காணாமல் போகும். எங்கும் ஒரே அடர்த்தியில் தைத்தால் எல்லாப் பக்கமும் சமமாகச் சுருங்கி, துணி தட்டையாகவே இருக்கும். சிக்கல், நடுவில் கையகல இடத்தைத் தைக்காமல் விடும்போது வருகிறது. சுற்றிலும் சுருங்க, நடு மட்டும் பழைய அளவிலேயே நின்று, பூரிபோல உப்பிவிடும். நேர்மாறாக, நடுவை நெருக்கித் தைத்து ஓரத்தைச் சும்மா விட்டால் ஓரம் பாவாடைக் கொசுவம்போல அலையும். குயில்ட் சுவரில் தட்டையாகத் தொங்கவில்லை என்ற புகாருக்கு, பத்தில் ஒன்பது முறை என்றே சொல்லிவிடலாம், இந்த அடர்த்தி வித்தியாசம்தான் காரணம். இஸ்திரி போட்டு இதைச் சரிசெய்ய முடியாது.

ஆகவே வரைபடத்தைத் தீர்மானிப்பது அழகு மட்டுமில்லை. தண்டு அடியில் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. கிளைகள் முக்கால் அங்குலத்தில் பிரிந்து, நுனியில் மூன்றில் இரண்டு பங்கு குறைந்து கால் அங்குலத்தோடு நிற்கட்டும். கால் அங்குலத்துக்கும் மெலிந்தால் எழும்பாது, சும்மா சுருக்கம்போலத் தெரியும். தண்டின் அடியில் அகலமான இடத்தில் மட்டும் அரை அங்குல இடைவெளியில் இரண்டு நீளவரிகள் தைத்துவிட்டால் நரம்போடியது போலவும் இருக்கும், உப்பலும் அடங்கும். இன்னொரு விதி கிளையின் சாய்வு பற்றியது. நிலத்தின் தையல் வரிகள் படுக்கையாக ஓடப்போகின்றன. கிளையும் படுக்கையாக இருந்தால் அதன் விளிம்பு தையல் வரியோடு கலந்து மறைந்துவிடும். கிளைகளை 30 முதல் 60 பாகைக்குள் சாய்த்து வையுங்கள். இந்தச் சாய்வு வெளிச்ச விஷயத்திலும் கைகொடுக்கும், கடைசியில் வருகிறேன்.

துணியும் நூலும்

44 அங்குல அகலமுள்ள கருநீலப் பருத்தி ஒரு கஜம் வாங்கினால் அதில் 27 அங்குலச் சதுரம் மேல் துணிக்கு வெட்டி, மிச்சத்தில் ஓரப் பட்டிகள் எடுக்கலாம். 24 அங்குலக் குயில்ட்டுக்கு ஏன் 27? சுருக்கத்துக்கு ஓர் அங்குலம், சதுரம் பார்த்து வெட்டுவதற்கு மிச்சம். அடித் துணிக்கு இன்னொரு கஜம். அதில் 30 அங்குலச் சதுரம் போக, மாட்டுவதற்கான குழல் பட்டியும் கிடைக்கும். பேட்டிங் இரண்டு வகை தேவை. முழு அளவுக்கு 80 பங்கு பருத்தி, 20 பங்கு பாலியஸ்டர் கலந்தது 30 அங்குலச் சதுரம். மரத்துக்கு மட்டும் உப்பலான பாலியஸ்டர் பேட்டிங் 20 அங்குலச் சதுரம். ஒரே பேட்டிங்கில் முடிக்கலாமே என்று தோன்றும். முடிக்கலாம், ஆனால் பருத்திப் பேட்டிங் மட்டும் கொடுக்கும் மேடு பக்கத்தில் வந்தால்தான் தெரியும்; ஆறடி தள்ளி நின்றால் மரம் இருக்காது.

நீலத்தில் ஓர் எச்சரிக்கை. அவுரிச் சாயத் துணி கண்ணுக்கு அருமைதான். ஆனால் உரசினால் சாயம் ஒட்டும், இந்த வேலையில் உரசலுக்குப் பஞ்சமில்லை, போதாததற்குக் கடைசியில் ஒரு குளியலும் இருக்கிறது. நன்றாகப் பிடித்த சாயமுள்ள சாதாரணக் கருநீலத்தை எடுப்பதே புத்திசாலித்தனம். அதையும் முதலில் சோப்புத் தண்ணீரில் அலசி, ஈரமாக இருக்கும்போதே வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் துணியில் நீலம் வராதவரை அலசிக்கொண்டே இருங்கள்.

நூல், துணியின் நீலமே, அல்லது அதைவிட அரைப்படி வெளுப்பு. 50 எண் பருத்தி நூல், 80/12 ஊசி. மாற்று நிற நூலைப் போட்டால் கண் வரியைத்தான் பார்க்கும், மேட்டைப் பார்க்காது. தையலின் தடுமாற்றங்களும் ஊருக்கே தெரியும். தையல் வரிகளின் மொத்த நீளம் ஏறக்குறைய 80 மீட்டர் வரும். மேல் நூலும் பாபின் (அடி நூல் சுற்றும் சின்ன உருளை) நூலும் தலா ஒன்றரை மடங்கு என்று கணக்குப் போட்டு, 300 மீட்டருக்குக் குறையாத கண்டு ஒன்று வாங்கி, மூன்று நான்கு பாபின்களை முன்கூட்டியே சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் நூல் தீர்ந்து அதே எண்ணில் வேறு சாயத்தொகுதி கிடைத்தால், அந்த இடத்தில் ஒரு பட்டை தெரியத்தான் செய்யும்.

இவற்றோடு, தண்ணீரில் கரையும் நூல் ஒரு கண்டு. அதைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் வையுங்கள், ஈரக்காற்றில் பிசுபிசுத்துவிடும். எச்சில் தொட்டு ஊசி கோக்கும் பழக்கமுள்ளவர்களை இந்த நூல் ஒரே நாளில் திருத்திவிடும். நாக்கில் பட்ட நொடியில் நுனி பசையாகி ஊசிக் காதை அடைத்துக்கொள்ளும்.

அமெரிக்கக் குயில்ட்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவருக்கு இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். துணிமேல் துணி வெட்டித் தைக்கும் வேலை பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பரவியபோது, இந்தியச் சீட்டித் துணியிலிருந்து பூவையும் பறவையையும் கத்தரித்து வெள்ளைத் துணியில் பதித்துத் தைப்பதுதான் பெரிய நாகரிகம். அந்தச் சீட்டியில் மிக உயர்ந்த ரகம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறியது. விலை கூடிய துணி என்பதால் ஒரு பூவைக்கூட வீணாக்க மாட்டார்கள். மரம் வேண்டுமென்றால் கிளை கிளையாக வெட்டிச் சேர்த்தார்கள்.

மரத்தை உப்பவைத்தல்

மரத்தை முழு அளவில் பட்டர் பேப்பரில் வரைந்துகொள்ளுங்கள். மேல் துணியை முகம் மேலாக விரித்து, பேப்பரை மேலே பின் குத்தி, துணியின் அடியில் உப்பல் பேட்டிங்கை வையுங்கள். அடித் துணி இப்போது வேண்டாம். ஊசியில் கரையும் நூல், பாபினில் சாதாரண மெல்லிய நூல். தையல் நீளம் 2 மில்லிமீட்டர். பேப்பர் மேலேயே மரத்தின் வெளிக்கோட்டைச் சுற்றித் தைத்துவிட்டு, பேப்பரைக் கிழித்து எடுங்கள். தையல் சிறியதாக இருந்தால்தான் பேப்பர் தபால்தலைபோல நேராகக் கிழியும். 3 மில்லிமீட்டரில் தைத்தால் துணுக்குகள் தங்கி, சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டிவரும்.

இந்த வழியில் பேனா எதுவும் துணியில் படவில்லை என்பதைக் கவனியுங்கள். கருநீலத்தில் நீல மார்க்கர் தெரியாது. சூட்டில் மறையும் ஜெல் பேனா அதைவிட ஆபத்து. இஸ்திரிப் பெட்டி பட்டதும் கோடு போய்விடும்தான், ஆனால் கடுங்குளிரில் திரும்ப வந்துவிடும். ஜனவரி மாதத்தில் மினசோட்டாவுக்குப் பார்சலில் போகும் குயில்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே கரையும் வெள்ளை நூலே கோடாகவும் இருக்கிறது, வேலை முடிந்ததும் கரைந்தும் போகிறது.

இனிக் கத்தரி வேலை. துணியைக் கவிழ்த்து, மரத்துக்கு வெளியே இருக்கும் உப்பல் பேட்டிங்கை எல்லாம் தையலை ஒட்டி வெட்டி எடுக்க வேண்டும். இந்த ஒரு மணி நேரத்தில்தான் நல்ல குயில்ட்டுகள் பாழாகும். கத்தரியின் கூர்நுனி துணியைக் கவ்வினால் மரத்தின் ஓரத்தில் ஓட்டை. நுனி மழுங்கிய கத்தரியோ, ஒரு அலகு வாத்து மூக்குபோல அகன்ற கத்தரியோ எடுங்கள். அகன்ற அலகு துணிப் பக்கம் இருக்கட்டும். இடக்கையால் பேட்டிங்கை மேலே தூக்கிப் பிடித்து, துணி தளர்ந்து கீழே கிடக்கும்போது மட்டும் வெட்டுங்கள். அப்படியும் ஓட்டை விழுந்துவிட்டால் பதற வேண்டாம், பின்பக்கத்திலிருந்து ஒட்டும் கேன்வாஸில் காசளவு வெட்டி வைத்து இலேசான சூட்டில் ஒட்டிவிடுங்கள். அந்த இடத்தில் நிலத் தையல் ஓடும்போது தெரியாது. மற்றபடி இதற்குப் பிறகு மரத்தின் மேல் இஸ்திரி படவே கூடாது. பாலியஸ்டர் பேட்டிங் சூட்டில் சப்பையாகிவிடும், திரும்ப எழாது.

நிலத்தைத் தைத்தல்

அடித் துணியை மேசையில் விறைப்பாக ஒட்டி, அதன் மேல் கலப்புப் பேட்டிங், அதன் மேல் மரம் ஏறிய மேல் துணி. வளைந்த சேஃப்டி பின்களை நான்கு விரல் இடைவெளியில், மரத்துக்கு வெளியே மட்டும் குத்துங்கள்.

படுக்கை வரிகளின் இடைவெளி 3/16 அங்குலம். 24 அங்குலத்துக்கு 128 வரி. இதை எந்த வரிசையில் தைப்பது என்பதில்தான் சூட்சுமம். ஒவ்வொரு வரியும் மரத்தின் விளிம்பில் நின்று, மறுபக்கம் திரும்பத் தொடங்க வேண்டும். ஒரு வரி சராசரியாக மூன்று கிளைகளைக் கடந்தால் நான்கு துண்டு, எட்டு முனை. 128 வரிக்கு ஆயிரத்துக்கு மேல் நூல் முனைகள். ஒவ்வொன்றையும் முடிச்சிட்டு, ஊசியில் கோத்து, பேட்டிங்குக்குள் இழுத்துப் புதைக்க வேண்டும். யாரும் செய்து முடிக்க மாட்டார்கள். முனையே வராமல் தைக்க வேண்டுமென்றால், விளிம்புக்கு வந்ததும் அதை ஒட்டி இரண்டு மூன்று தையல் ஏறி, அடுத்த வரியில் திரும்பி, ஏர் திரும்புவது போலச் சாலடித்துக்கொண்டே போக வேண்டும். ஆனால் மேலிருந்து கீழ்வரை இப்படியே உழுதால் இழுப்பெல்லாம் ஒரே பக்கம் சேர்ந்து, சதுரம் சரிந்த கட்டமாகிவிடும்.

இரண்டையும் கலப்பதே நல்ல வழி. முதலில் 3 அங்குலத்துக்கு ஒரு நங்கூர வரி என்று எட்டு வரி. இவற்றின் முனைகளை மட்டும் புதையுங்கள், அறுபது எழுபதுதான் வரும். மூன்றடுக்கும் இப்போது பிடிபட்டுவிட்டது. பிறகு நடுப் பட்டையை உழுது நிரப்பி, அதற்கு மேல் ஒன்று, கீழ் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போங்கள். நிரப்புவதற்குத் துணியை நகர்த்தும் பற்களை இறக்கி, டார்னிங் ஃபுட் (துணியைத் தளர்வாகப் பிடிக்கும் அழுத்துப் பாதம்) போட்டு, கையாலேயே துணியை ஓட்டுங்கள். அடுக்குகளைச் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் நேர்க்கோடு தரும், ஆனால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் முழுக் குயில்ட்டையும் மெஷினின் குறுகிய கைக்குள் சுற்ற வேண்டும்; தோள் போய்விடும். கை ஓட்டும் வரி சற்று நெளியும். நெளியட்டும், உழுத நிலம் அப்படித்தான் இருக்கும். நெளிவை மன்னிக்கலாம், இடைவெளி மாறுவதை மன்னிக்க முடியாது. ஒரு பக்கம் கால் அங்குலமும் மறுபக்கம் எட்டில் ஒன்றும் என்று போனால் மேலே சொன்ன இழுப்புக் கணக்கு பொய்த்துப்போகும்.

கடுகு வரப்போகும் இடத்தைக் கட்டைவிரல் நகமளவு விட்டுவிடுங்கள். வரிகள் அங்கே வந்ததும் ஓடையில் கல்லைச் சுற்றி நீர் போவது போல மேலும் கீழும் வளைந்து போகட்டும். விதை எட்டிப் பார்த்தால்தான் தெரியும் அளவு. அந்த வளைவுதான் கண்ணை அங்கே கூட்டிப்போகும்.

தையலில் வரும் கோளாறுகள் பெரும்பாலும் இரண்டே. தொடங்கிய உடனே அடியில் குருவிக்கூடுபோல நூல் சிக்கினால் பாபினைத் திட்டாதீர்கள். மேல் நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்குள் உட்காரவில்லை என்று அர்த்தம். ஃபுட்டை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்தால் தட்டுகள் மூடியிருக்கும், நூல் வெளியே நிற்கும். ஃபுட்டைத் தூக்கிவிட்டு மறுபடி நூல் கோத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, திருப்பங்களில் பின்பக்கம் கண்ணிமை மயிர்போல வரிசையாக நூல் நீட்டிக்கொண்டிருப்பது. திருப்பத்தில் கை ஊசியை முந்திவிடுகிறது. மெஷினை வேகமாக்குவதைவிடக் கையை மெதுவாக்குவதே மருந்து; தீராவிட்டால் மேல் டென்ஷனை அரைப்படி கூட்டுங்கள்.

தவறு விழுந்துவிட்டால் ‘கடவுள் ஒருவரே குறையற்றவர், அதனால் வேண்டுமென்றே ஒரு பிழை விடுவது மரபு’ என்று குயில்ட் உலகத்தில் ஆறுதல் சொல்வார்கள். பழைய எளிய வாழ்க்கையை விடாத கிறிஸ்தவப் பிரிவினரான ஆமிஷ் மக்கள் தலையில் இந்தக் கதையைக் கட்டிவிடுவதும் உண்டு. குயில்ட் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் இதற்குப் பழைய ஆதாரம் எதுவும் இல்லை என்கிறார்கள். பிழையைப் பிரித்துத் தைப்பதற்கு அது ஒரு தடையாக வேண்டாம்.

குளியலும் விரிப்பும்

தொட்டியில் குளிர்ந்த தண்ணீர் நிறைய விட்டுக் குயில்ட்டை மடிக்காமல் அமிழ்த்துங்கள். கால் மணி நேரம், பிறகு தண்ணீர் மாற்றி இன்னொரு முறை. கரையும் நூல் போனதும் மரத்தின் விளிம்பு சட்டென்று மிருதுவாகும். விரலால் தடவும்போது எங்காவது கஞ்சி போட்டது போல விறைப்பாக இருந்தால் பசை தங்கியிருக்கிறது, வெதுவெதுப்பான நீரில் மறுபடி அலசுங்கள். பிழியாதீர்கள். பெரிய துண்டில் பாய்போலச் சுருட்டி அழுத்தி நீரை எடுங்கள்.

ஈரம் இருக்கும்போதே தெர்மகோல் பலகையில் விரித்து, முதலில் நான்கு பக்கங்களின் நடுவிலும், பிறகு நடுவிலிருந்து மூலைகளை நோக்கியும் ஓர் அங்குலத்துக்கு ஒரு பின் குத்துங்கள். துருப்பிடிக்காத பின்தானா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், துருக்கறை எதற்கும் போகாது. இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து, நீளமான பக்கத்தை உள்ளே தள்ளி, குட்டையை இழுத்து, இரண்டும் சமமாகும்வரை பின்களை மாற்றிக் குத்துங்கள். மின்விசிறியின் கீழ் முழுசாகக் காய ஒருநாளுக்கு மேல் ஆகும். தொட்டால் காய்ந்தது போலிருக்கும், நடுப் பேட்டிங் ஈரமாகவே இருக்கும். அப்போது பின்னை எடுத்தால் பட்ட பாடு வீண்.

காய்ந்த பிறகு 24½ அங்குலச் சதுரமாக வெட்டுங்கள். மூலைவிட்டம் 34⅝ அங்குலத்தை ஒட்டி வந்தால் சதுரம் சரி. ஓரத்துக்குப் போர்வையில் போடுவது போலப் பட்டி சுற்ற வேண்டாம். அது படத்துக்குச் சட்டம் போட்டது போல மரத்தை அடைத்துவிடும். பின்பக்கம் முழுக்கத் திரும்பிவிடும் பட்டி போதும். 2½ அங்குல அகலத்தில் நான்கு பட்டி. உள்ளோரத்தைக் கால் அங்குலம் மடித்து இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள், இது பட்டிக்கு மட்டும். முகத்தோடு முகம் வைத்துக் கால் அங்குலத்தில் தைத்து, தையல் பிடிப்பைப் பட்டிப் பக்கம் சாய்த்து, பட்டியின் மேலேயே, அந்தத் தையலை ஒட்டி இன்னொரு வரி ஓட்டுங்கள். இந்த இரண்டாவது வரியை விட்டால் நாளடைவில் பட்டி முன்பக்கம் எட்டிப் பார்க்கும். பக்கப் பட்டிகள் இரண்டையும் திருப்பிக் கையால் ஹெம்மிங் செய்த பிறகே, இருபுறமும் அரை அங்குலம் நீட்டிவிட்ட மேல் கீழ்ப் பட்டிகள். மூலையில் பேட்டிங்கைத் தையல்வரை வெட்டி எடுக்காவிட்டால் நான்கு மூலையிலும் உருண்டை நிற்கும்.

மாட்டுவதற்கான குழல், 8½ அங்குல அகலம், 23 அங்குல நீளம், இரண்டாக மடித்துத் தைத்தது. மேல் ஓரத்திலிருந்து அரை அங்குலம் கீழே கையால் பொருத்துங்கள். தையல் பேட்டிங்வரைதான் போக வேண்டும், முன்பக்கம் வரக் கூடாது. முதுகுப் பக்கம் தட்டையாகவும் வெளிப் பக்கம் அரை அங்குலத் தளர்வோடும் இருக்கட்டும். தளர்வில்லாவிட்டால் கம்பி நுழைந்ததும் குயில்ட்டின் நெற்றி புடைக்கும்.

இனிக் கடுகு. அதைக் குளியலுக்கு முன் போடாததற்குக் காரணம், நீலம் ஏதாவது கசிந்திருந்தால் மஞ்சள் பச்சையாகியிருக்கும். நிஜக் கடுகையே ஒட்டிவிடலாமே என்று தோன்றினால் விட்டுவிடுங்கள். எண்ணெய் கசியும், பூச்சி வரும், கண்காட்சிக்காரர்கள் தானிய வகைகளை உள்ளே விட மாட்டார்கள். ஆறிழை எம்பிராய்டரி நூலில் இரண்டு இழையைப் பிரித்து, பின்பக்கமிருந்து ஊசியை மேலே எடுத்து, நூலை ஊசியில் இரண்டு சுற்று சுற்றுங்கள். சுற்றை நகத்தால் துணியோடு அழுத்திக்கொண்டு, மேலே வந்த துளைக்கு ஓர் இழை தள்ளி ஊசியை இறக்குங்கள். அதே துளையில் இறக்கினால் முடிச்சு பின்பக்கம் போய்விடும். மூன்று சுற்று போட்டால் மிளகாகிவிடும்.

பின்பக்கக் கீழ் மூலையில் பெயர், ஆண்டு, தலைப்பு, அளவு எழுதிய துணிச் சீட்டு. சமர்ப்பிக்கும் குறிப்பு நூறு சொல் கேட்டால் எழுபதில் நிறுத்துங்கள். மரம் எதைக் குறிக்கிறது என்று எழுதாமல், எப்படி எழுந்தது என்று எழுதுங்கள். 1999-இல் ஒஹையோவில் தொடங்கிய சேக்ரட் த்ரெட்ஸ்போல, ஆன்மிகமும் துயரமும் ஆறுதலும் பற்றிய குயில்ட்டுகளுக்கென்றே நடக்கும் கண்காட்சிகளில் அந்தக் குறிப்பை மக்கள் நின்று வாசிக்கிறார்கள்.

பெரும்பாலான போட்டிகளில் முதல் தேர்வு புகைப்படத்தை வைத்துத்தான். இந்தக் குயில்ட் அங்கேதான் விழுந்துபோகும். கேமராவின் ஃபிளாஷோ, இருபுறமும் சமமாக வைத்த விளக்குகளோ மேட்டின் நிழலை அழித்துவிடும். நடுவருக்குப் போய்ச் சேர்வது ஒரு நீலச் சதுரம். கேமரா குயில்ட்டின் நடு உயரத்தில், நேர் எதிரே. விளக்கு ஒன்றே ஒன்று, இடப்பக்கம், சுவரோடு 30 பாகைக்குள் தாழ்ந்த கோணத்தில். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டை, நிழல் கரியாகிவிடாமல் இருக்க. இரண்டாவது படத்துக்குக் கடுகுக்கு ஓரடி அருகே போங்கள். கண்காட்சிக் கூடத்தில் விளக்கை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. அது அநேகமாகக் கூரையிலிருந்து கீழ்நோக்கித்தான் விழும். நெட்டுக்குத்தாக நிற்கும் தண்டுக்கு அந்த வெளிச்சத்தில் நிழலே இருக்காது. கிளைகளைச் சாய்த்து வைக்கச் சொன்னது அதற்காகவும்தான். ஒவ்வொரு கிளைக்கும் அடியில் ஒரு நூல் கனத்துக்கு நிழல் விழும், மரம் அந்த நிழலில் தெரியும்.